டிரான்ஸ்ஃபார்மரில் போட்ட துண்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வரும்போது தனிக்கருத்துச் சொல்கிறது, நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். மாடியில் மாட்டிய சோலார் பலகைகள் என்னவாயிற்று என்று போனில் கேட்டாயே, துணிகளோடு சேர்ந்து அவையும் காய்ந்துகொண்டிருந்தன. தெரு டிரான்ஸ்ஃபார்மர் வீடுகளிடமிருந்து இவ்வளவு மின்சாரம்தான் வாங்கிக்கொள்ளும் என்று ஓர் அளவு உண்டாம், அது நிரம்பிவிட்டது, உங்களுக்கு இணைப்பு இல்லை என்று மின்சார அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இணைப்பு வந்து கரண்ட் பில் குறைந்தால்தான் நம் தையற்கூடத்தில் இன்னும் நான்கு மெஷின் ஓட்ட முடியும், ஓடினால்தான் ஆஸ்பத்திரிச் சீருடை வேலை நமக்கு, இல்லையென்றால் கை நழுவிப் போகும்.

மாடியேறித் தெரு முழுக்கப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரை நிரப்பிய பலகைகளில் ஒன்றையும் காணோம். பல் டாக்டர் மாடியில் தண்ணீர்த் தொட்டி, வக்கீல் மாடியில் உடைந்த சைக்கிள். விசாரித்தால், எல்லோரும் அனுமதியை மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்கள், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. எப்ப மாட்டப் போறீங்க என்று டாக்டரிடம் கேட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்மா, அப்புறம் கெடைக்காமப் போயிட்டா என்ன பண்றது என்றார். பல்லையும் இப்படித்தான் முன்கூட்டியே பிடுங்குவீர்களா என்று கேட்க நினைத்து, எனக்கும் பல் இருப்பதால் சும்மா வந்துவிட்டேன்.

வீடுகளும் மின்சாரம் தரும் காலத்துக்கு ஏற்றபடி மாநில ஒழுங்குமுறை ஆணையம் புது விதி எழுதுகிறது, மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று பேப்பரில் போட்டிருந்தது. அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அதிகாரிகள் திரையில் படம் காட்டி எதிர்காலத்தை விளக்கினார்கள், நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது, அதை யாரும் கருத்தாகப் பதிவு செய்யவில்லை. என் முறை வந்ததும், அனுமதி வாங்கிட்டு மாட்டாதவங்களுக்கு ஒரு கெடு வைங்க, எங்க தெருவுல டிரான்ஸ்ஃபார்மர் நெறஞ்சிருக்கு, மாடியெல்லாம் காலி என்றேன். ஆணையத் தலைவி எங்கள் தெரு விவரத்தை அங்கேயே வாசிக்கச் சொன்னார். முதல் அனுமதி நம் கார் கொட்டகைக்கு, உன் அப்பா பெயரில். பக்கத்தில் இருந்தவர் விட்டத்தைப் பார்த்தார். மறந்தே போச்சுடி என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று, ஆனால் என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

மறுநாளே அப்பா போய் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தார். காரணம் கேட்ட இடத்தில் மனைவி என்று எழுதினாராம், மேற்கொண்டு விளக்கம் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். அந்த இடத்தில் நமக்கு இணைப்பு வந்துவிட்டது, நான்கு மெஷினும் ஓடுகின்றன, சீருடை வேலை நமக்கே. ஆணையத்தின் விதியும் போன வாரம் வந்தது, ஆறு மாதத்துக்குள் மாட்டாதவர் இடம் அடுத்தவருக்கு. டாக்டர் மாடியில் இப்போது ஆட்கள் அளவெடுக்கிறார்கள்.

ஒரே சங்கடம், சீருடைக் கட்டுகளை வைக்க இடமில்லை. தைக்கிற பெண்கள் உன் அறையை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். உன் கட்டிலும் புத்தகங்களும் தவிர அங்கே யாருமில்லை. அது ஆள் வர்ற இடம் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிவந்தேன். ஊருக்கெல்லாம் கெடு கேட்டவள் வீட்டில் விதியைத் தளர்த்தினால் நன்றாக இராது. உனக்கும் ஆறு மாதம். அதற்குள் வந்துவிடு.

நல்ல உடம்பும் நிம்மதியான தூக்கமும் உனக்கு வாய்க்கட்டும். அறைச் சாவி பழைய ஆணியில்தான் தொங்குகிறது.

துண்டை எடுக்க மனம் வராத,
அம்மா