முத்திரை விழாத வாக்குகள்

கொழும்பு
09.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வட்சப் செய்தியை அழித்துவிட்டேன். நீங்களும் அழித்துவிடுங்கள். இதைப் போனில் கதைக்க வேண்டாம். எவனாவது ஸ்கிரீன்சொட் எடுத்து முகநூலில் போட்டால் முடிந்தது. அதனால்தான் மாடிக் கட்டடங்களுக்கு லிப்ற் பூட்டுகிற நான் பேனை பிடித்திருக்கிறேன். இதைக் கொண்டுவருகிற பஸ் கொண்டக்டர் கேதீசண்ணையிடமே பதிலையும் கொடுத்துவிடுங்கள்.

ஒழுங்காக எழுதுங்கள். பிரதேச சபைத் தேர்தலில் உங்கள் வாக்களிப்பு நிலையத்தில் முத்திரை இல்லாமல் போன வாக்குச்சீட்டுகள் எத்தனை? சுயேச்சை வேட்பாளர் தோற்ற வித்தியாசத்தைவிடக் கூடவா? முத்திரை மேசையில் நீங்கள் மட்டுமா?

நிலையப் பொறுப்பதிகாரி பரமலிங்கம் சேரின் படத்துக்கு முகநூலில் சிவப்பு வட்டம் போட்டுக் 'கள்ளன்' என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் படம் இன்னும் வரவில்லை. வரக்கூடாது.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

தம்பி
ஜெனிஸ்ரன்

கோப்பாய்
11.05.2025

என் அன்புத் தம்பிக்கு,

"என்ன பிள்ளை, இந்தக் காலத்திலையும் கடிதமோ? ஆருக்குக் கலியாணம்?" என்று கேதீசண்ணை பகிடி விட்டார். சிரித்து வைத்தேன்.

முத்திரை இல்லாதவை இருபத்தொன்று. சுயேச்சைக்காரர் தோற்றது ஒன்பது வாக்கால். மேசையில் நான் மட்டும்தான்.

ஆள் முன்னால் வந்து நின்ற பிறகுதான் சீட்டின் பின்பக்கம் முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். முதல்நாள் நீ போனில் என்ன சொன்னாய்? "உது விசர் வேலை அக்கா. வெள்ளெனக் கட்டாக் குத்தி வையுங்கோ, கியூ தானா ஓடும்." அப்படியே விடியவே கட்டுக்கட்டாகக் குத்தி வைத்தேன். அன்று சரியான புழுக்கம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்திருக்கின்றன. கொடுக்கும்போது திருப்பிப் பார்க்கவில்லை.

எண்ணும்போது, முத்திரை இல்லாதவை செல்லாது என்று அவற்றைக் கழித்தார்கள். பெரும்பாலும் அந்தச் சுயேச்சைக்காரருக்குப் போட்டவை. அவருடைய முகவர் கத்தினார்: "உது ஆற்றை வேலை?" பரமலிங்கம் சேர் என்னைப் பார்க்கவேயில்லை. "நிலையத்துக்குப் பொறுப்பு நான்" என்றார்.

நேற்று அவர் வீட்டுக் கேற்றில் கழிவொயில் ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையாலும் மோட்டார்சைக்கிள்கள் மெதுவாகப் போகின்றன. ஒருவன் நிறுத்தி, "ரீச்சர், நல்லா நித்திரை வருதோ?" என்று கேட்டான். நாய் குரைத்தாலே எழும்பிப்போய்க் கதவுப் பூட்டைப் பார்க்கிறேன்.

அக்கா
ஜெசிதா

கொழும்பு
12.05.2025

அக்கா,

வாயைத் திறக்காதேங்கோ. ஓம், சொன்னது நான்தான். ஆனால் பிழை என்று சொன்னால் அங்கே எவன் நம்பப்போகிறான்? வேண்டுமென்றே விட்டதாகத்தான் சொல்வான்கள். இன்று கேற்றுக்கு ஒயில், நாளைக்கு வாளோடு வந்தால்? வீட்டில் நீங்களும் அம்மாவும் மட்டும்.

சேருக்கு இந்த வருடம் பென்சன். அவர் தாங்குவார். உங்களுக்கு இன்னும் இருபது வருட வேலை இருக்கிறது. இது அழகான கதையில்லை என்று தெரியும். எனக்கு அழகு தேவையில்லை.

சைற்றில் போன் அடித்தால் எடுக்கப் பயமாயிருக்கிறது. என்னைக் கோபியுங்கள், பரவாயில்லை. உயிரோடு இருந்து கோபியுங்கள்.

ஜெனிஸ்ரன்

கோப்பாய்
14.05.2025

அன்புத் தம்பி,

சேரின் வீட்டுக்குப் போனேன். மண்ணெண்ணெயும் சாக்குமாகக் கேற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பிள்ளை இஞ்சை வந்தனீர்? போம், ஆக்கள் பாக்கினம்."

"என்ரை பிழைக்கு நீங்கள் ஏன் சேர் கள்ளன் பட்டம் சுமக்கிறியள்?"

"அவையளுக்கு ஒரு கள்ளன் வேணும். அதுக்கு நான் ஒராள் காணும்."

"அப்ப அடுத்தமுறை ஆர் எங்களை நம்பிப் பெட்டிக்குள்ளை போடுவினம்?"

சாக்கைக் கீழே போட்டார். கை கழுவி, சேட்டு மாற்றி, என்னோடு வந்தார். தேர்தல் அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வாசித்த அதிகாரி, "முன்கூட்டிக் குத்தச் சொன்னது ஆர்?" என்று கேட்டார். "ஒருத்தரும் இல்லை" என்றேன்.

தம்பி, நாங்கள் கள்ளரில்லை என்று எழுதப் போன இடத்தில் ஒரு பொய்யை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை திரும்பவும் விசாரிப்பார்களாம். மோட்டார்சைக்கிளைவிட இப்போது அந்தக் கேள்விதான் பயமாயிருக்கிறது.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன்.

ஜெசிதா

கொழும்பு
15.05.2025

அக்கா,

இந்தக் கடிதமும் நானும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம். நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன், இறங்கியதும் கையில் தருவேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் கேட்கும்போது நீங்கள் பேசாமல் இருங்கள். "நான்தான் சொன்னனான்" என்று நான் சொல்கிறேன்.

பயம் போய்விட்டதென்று நினைக்காதேங்கோ. பயத்தோடைதான் வாறன்.

தம்பி
ஜெனிஸ்ரன்