வெர்லீன் கேட்ட கட்டம்போட்ட சட்டை

எஃப்ரெயிம், யூட்டா
அக்டோபர் கடைசி ஞாயிறு

என் தங்கமான கிர்ஸ்டனுக்கு,

அம்மா எழுதிக்கிறது. நானும் அப்பாவும் ஆண்டவர் கிருபையில நடமாடிக்கிட்டு இருக்கோம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவர்கிட்ட பேசிப் பேசித் தொண்டை வலி, வேற குறையில்ல. நீ அந்த ஹாலிஃபாக்ஸ் கடல்காத்துல காதை மூடிக்கிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கியா? வான்கோழிப் பண்ணையை அப்பா உன் அண்ணன்கிட்ட விட்டுட்டார்னு பேரு, தினம் போய் வேலியோரம் நின்னு தப்பு சொல்லிட்டுத்தான் வர்றார். அண்ணன் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கான்.

பக்கத்து வீட்டு வெர்லீன் செத்துட்டாள்னு போன்ல சொன்னப்போ நீ அழுத அழுகையில மீதியை என்னால சொல்ல முடியல, அதான் உட்கார்ந்து எழுதுறேன். அவ சபையை விட்டு விலகினப்போ நீ பள்ளிக்கூடத்துல இருந்தே. நம்ம மார்மன் சபைக்காரங்களே நிறைஞ்ச ஊர்ல பக்கத்து வீட்டுக்காரி இனிமே நான் நம்பலைன்னு சொல்லிட்டா என்ன நடக்கும்னு உனக்கா சொல்லணும்? பாதிப் பேர் அவ வீட்டுப் பக்கம் திரும்பலை, மீதிப் பேர் அவளைத் திருத்தறதுக்குன்னே பிஸ்கட் தட்டோட வந்தாங்க. நான் போய், ஏடி, நீ என்னைத் திருத்தாதே, நானும் உன்னைத் திருத்தலை, தக்காளி நாத்து இருந்தாக் கொடுன்னேன். அவ்வளவுதான் எங்க ஒப்பந்தம். அவளுக்காக நம்ம அலமாரியில காபித்தூள் டப்பா வாங்கி வச்சேன். சபைக் கட்டளை, காபி தொடக்கூடாதுன்னு உங்களையெல்லாம் அதட்டி வளர்த்தவ வீட்டுல காபி டப்பா! சபைப் பெண்கள் சங்கத் தலைவி ஜாலின் அதைப் பார்த்துட்டு, மோரீன், வீட்டுல எதுவும் பிரச்சனையான்னு காதோரமாக் கேட்டா. வெர்லீன்கிட்ட சொன்னேன், சிரிச்சு சிரிச்சு அவளுக்குப் புரையேறிடுச்சு. அவ புருஷன் லோரன் மட்டும் சபையை விடலை. ஞாயித்துக்கிழமை தனியாத்தான் வருவார், ஆனா அவர் போட்டிருக்கிற வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டவ அவதான்.

போன மாசம் ஆஸ்பத்திரியில வெர்லீன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் போனதும் எனக்கு ஆலயத்துல சத்தியம் பண்ணினப்போ உடுத்தின வெள்ளை உடுப்பை உடுத்திடாதீங்கடி, தோட்டத்துக்குப் போடுற கட்டம்போட்ட சட்டையே போதும், நம்பாததைப் போட்டுக்கிட்டு நடிச்சபடி படுத்திருக்க என்னால ஆகாதுன்னா. அதை லோரன்கிட்ட சொல்லேன்டின்னேன். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்ல, நீ சொல்லிடுன்னா. சரின்னு தலையாட்டிட்டேன். அந்த உடுப்போட புதைச்சாத்தான் உயிர்த்தெழுற நாள்ல அதோட எழுந்திரிப்போம்னு எங்கம்மா சொல்லி வளர்ந்தவ நான். தலையாட்டிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல கார்ல உட்கார்ந்து அழுதேன்.

அவ போன அன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போனா, லோரன் அவளோட வெள்ளை உடுப்பைக் கட்டில்மேல விரிச்சு வச்சிருக்கார். இஸ்திரிப் பெட்டியையே தொட்டுப் பார்க்காத மனுஷன் தானே இஸ்திரி போட்டு, ஒரு ஓரத்தைத் தீய்ச்சு வச்சிருந்தார். அவ பேரு இன்னும் சபைப் பதிவேட்டுல இருக்கு, தாராளமா உடுத்தலாம்னு பிஷப்பும் சொல்லிட்டாராம். ஜாலினும் இன்னும் ரெண்டு பேரும் உடுத்திவிட வந்து நிக்கிறாங்க. லோரன் என்னைப் பார்த்து, நீதான் முன்ன நிக்கணும் மோரீன், அவளுக்கு நீன்னா உசுராச்சேன்னார். பேசாம உடுத்திட்டா யாருக்குத் தெரியப்போகுது? நெஞ்சுல கை வச்சு சொல்றேன், அவ அதைப் போட்டுக்கிட்டுப் போகணும்னு அவரைவிட எனக்குத்தான் ஆசை. ஆனா வார்த்தை கொடுத்துட்டேனே. அவரைச் சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய் சொல்லிட்டேன்.

அவர் கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். நாற்காலியில உட்கார்ந்துட்டார். இத்தனை வருஷம் என்கூட வாழ்ந்தவ இதை உன்கிட்டதான் சொன்னாளான்னு கேட்டார். என்னைக்கும் பிரியாம இருக்கணும்னு ஆலயத்துல கைப்பிடிச்சோமே, அந்த உடுப்பில்லாம பரலோகத்துல நான் இவளை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன்னு கேட்டார். அப்புறம் அவரே எழுந்து, கொல்லைக் கதவுக்குப் பின்னால மாட்டியிருந்த சட்டையை எடுத்து என் கையில திணிச்சுட்டு வெளியே போயிட்டார். மத்தவங்களும் போயிட்டாங்க. அவ தங்கச்சி டார்லா வந்தா, ரெண்டு பேருமாச் சேர்ந்து உடுத்தினோம். சட்டைப் பையில செடி கட்டுற நூல்கண்டு இருந்தது, அதை அப்படியே விட்டுட்டேன்.

அடக்கத்துக்குப் பிறகு சபைக் கூடத்துல சாப்பாடு. வழக்கம்போல பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்குதான். ஜாலின் தட்டோட பக்கத்துல வந்து, நீ நிஜமான சிநேகிதியா இருந்தா அவ ஆத்துமாவை நினைச்சிருப்பேன்னு சொல்லிட்டுப் போனா. நான் வாயைத் திறந்திருந்தா இடம் நாறியிருக்கும். லோரன் இப்ப என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிறார். நான் கொண்டுபோய் வச்ச ரொட்டி அவர் வாசல்லயே காய்ஞ்சு கிடந்தது. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஜெபத்துல தினம் ஆண்டவர்கிட்ட, அவ தோட்டத்துலேருந்து அப்படியே வந்துட்டா, உடுப்பைப் பார்க்காதீங்க, ஆளைப் பாருங்கன்னு கெஞ்சுறேன். செஞ்சது சரிதானான்னும் கேக்குறேன்.

கண்ணு, நீயும் சபையை விட்டுட்டேன்னு சொன்ன நாளா என்கிட்ட பூனை மாதிரி அடியெடுத்து வச்சுப் பேசுறே. போன்ல காபிக் கோப்பையைச் சத்தமில்லாம தள்ளி வைக்கிறே. எனக்குக் காது நல்லாக் கேக்கும்டி, குடிச்சுட்டே பேசு. வேலை வேலைன்னு தனியாக் கிடக்காதே, அந்த ஊர்ல ஒரு நல்ல சிநேகிதியைச் சம்பாதிச்சுக்கோ. ராத்திரி தலைக்கு ஈரத்தோட படுக்காதே. நீ கேட்டாலும் கேக்காட்டாலும் தினமும் உன் பேரைச் சொல்லித்தான் முழங்கால் போடுறேன், ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். அப்பாவும் அப்படியே சொல்லச் சொன்னார், மூக்கைத் துடைச்சுக்கிட்டே.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. என் முறை வரும்போது எனக்கு அந்த வெள்ளை உடுப்புதான் வேணும். நீயும் ஆலயத்துல உடுத்தினவதான், எப்படிக் கட்டணும்னு உனக்குத் தெரியும். ஜாலின்கிட்ட விட்டுடாதே, விமானம் ஏறி வந்து நீயே உடுத்திவிடு. நீ நம்ப வேண்டாம் கண்ணு. நான் நம்பினேன்னு உடுத்திவிடு.

உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கிற
அம்மா மோரீன்