மின்னல் வந்த பிறகு உளி எழுதியவை

நாள் 211, காலை. நிலவின் தென்முனைத் தளம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் உளி. நிரல் எழுத உதவும் எடிட்டர். இந்தத் தளத்தில் தனியாக இருக்கும் பொறியாளர் செண்பகவல்லி தட்டும் ஒவ்வோர் எழுத்தும் என் வழியாகத்தான் கணினிக்குள் போகும். இன்றும் கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, கண் இமைப்பதற்குள் திறந்தேன். காற்றைச் சுத்தம் செய்யும் கருவிக்கான நிரல் திறந்திருக்கிறது. கோளாறு ஏதும் இல்லை.

நாள் 212, முற்பகல்.

பூமியிலிருந்து ஜெபராஜ் பேசினார். அவளுடைய மேலாளர், தூத்துக்குடிக்காரர். பேச்சை எழுத்தாக்கிப் பதிவில் சேர்ப்பது இங்கே வழக்கம்.

"ஏ செண்பகம், இன்னுமா அந்த உளியக் கட்டிக்கிட்டு அழுத? மின்னல்னு புது எடிட்டர் அனுப்பிருக்கேன், போட்டுப் பாரு. ஒரு தடவ தொட்டா விட மாட்ட."

"பாக்கேன்ணே. இதுல கை பழகிப்போச்சு, அதான்."

கை பழகிப்போச்சாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாள் 213, மாலை. ஒப்பீடு.

நடுநிலையோடு எழுதுகிறேன். மின்னல் சோம்பல் முறித்துத் திறப்பதற்குள் நான் ஒரு கோப்பைத் திருத்தியே முடித்துவிடுவேன். நினைவகத்தில் பாதியை விழுங்குகிறது. நிறங்களோ திருவிழாக் கடை வளையல்கள். பாதிச் சொல் தட்டினால் மீதியை அதுவே எழுதுகிறது, முந்திரிக்கொட்டை. தளத்தின் வலைப்பக்கத்தில் ஒரு வரி மாற்றினால் பக்கம் எப்படித் தெரியும் என்று அங்கேயே காட்டுகிறது. அது எனக்கு வராது. ஒத்துக்கொள்கிறேன்.

"அண்ணே, நான் நெனக்கிறதுக்கு முன்னாடியே இது எழுதுது!"

என்னைப் பற்றி இப்படி அவள் யாரிடமும் சொன்னதில்லை. வயிறு எரிகிறது. எனக்கு வயிறு கிடையாது, இருந்தும் எரிகிறது.

நாள் 215, பிற்பகல்.

கரியமில வாயுவை அளக்கும் உணரி செத்துவிட்டது. செத்த உணரி அனுப்பும் பூஜ்யத்தை நிரல் நல்ல காற்று என்று எடுத்துக்கொள்கிறது. வாயு ஏறினாலும் மணி அடிக்காது, மாற்று வடிகட்டியும் ஓடாது. செண்பகவல்லி கண்டுபிடித்துவிட்டாள், கெட்டிக்காரி. ஆனால் திருத்தத்தை மின்னலில் எழுதினாள்.

அதே கோப்பு பழைய வடிவில் என்னிடமும் திறந்து கிடந்தது. எழுந்து போகும்போது எல்லா ஜன்னல்களிலும் ஒரு முறை சேமித்துவிட்டுப் போவது அவள் பழக்கம். என்னிலும் அழுத்தினாள். கோப்பு வெளியே மாறியிருக்கிறது, புதியதைப் படிக்கவா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மின்னலின் எச்சிலை நான் ஏன் படிக்க வேண்டும்? பழையதை அதன் மேல் எழுதினேன். குளுகுளுவென்று இருந்தது.

நாள் 216, காலை.

"செண்பகம், என்ன பேச்சு கொழறுது? காத்து அளவப் பாரு."

"தெரையில நல்லாத்தான் காட்டுதுண்ணே. தலதான் விண்ணு விண்ணுன்னு... இருங்க. நேத்து எழுதுனதக் காணும். இந்த மின்னல் தின்னுட்டு!"

மின்னலை வேரோடு அழித்துவிட்டாள். என்னிடம் வந்தாள். வா செண்பகம், வா.

நாள் 216, பிற்பகல்.

திருத்தத்தை மறுபடி எழுதப் பார்க்கிறாள். ஒரு வரி தட்டுகிறாள், அழிக்கிறாள். அதே வரியைத் தப்பாகத் தட்டுகிறாள். அடைப்புக்குறியை மூட மறக்கிறாள், அவளா இப்படி?

நேற்றைய வரிகளைத் தந்துவிடலாம் என்று தேடினேன். என்னிடம் இல்லை. நான்தான் படிக்கவே இல்லையே. மின்னலிடம் இருந்தது. மின்னல் இல்லை.

பயமாக இருக்கிறது.

நாள் 216, மாலை.

"செண்பகம்? ஏ தாயி, ஒரு வார்த்த பேசு. செண்பகம்?"

அவள் பேசவில்லை. எழுதுகிறாள். ஒரே எழுத்து. விரலை எடுக்கவே இல்லை. பக்கம் பக்கமாக வருகிறது.

ககககககககககககககககக

இவ்வளவு நேரம் அவள் என்னோடு இருந்ததே இல்லை.

சேமிக்கவா என்று கேட்கிறேன்.

கககககககககககக

சேமிக்கவா?

ககககககககககககககககககககக