இஞ்சி மிட்டாய்

கேமரன் மலை
12.3.1979

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

அண்ணி நீலாவதி எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை. டாக்டர் பேச்சைக் கேட்டு உன் அண்ணன் சிகரெட்டை விட்டார். அதிலிருந்து வீடு ரெண்டுபடுகிறது. நேற்று ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தார். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, "எதுக்குன்னே தெரியல நீலா, அழுகை அழுகையா வருது" என்று தேம்பினார். தூக்கமில்லை. கங்காணி கருப்பையாவோடு வேறு சண்டை. பேசாமல் நானே ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?

உன் அண்ணி

கிள்ளான்
21.3.1979

அன்பு அண்ணிக்கு,

கொடுத்துவிடாதீர்கள்! கும்பிட்டுக் கேட்கிறேன். அது அண்ணன் குணமில்லை, சிகரெட் போகிற போக்கில் ஆடுகிற ஆட்டம். இங்கே கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியைக் கேட்டேன். "கொஞ்ச நாள்தான்லா, மனசு தானா தெளிஞ்சிடும்" என்றார். இஞ்சி மிட்டாய் அனுப்பியிருக்கிறேன். கை பரபரத்தால் வாயில் போடச் சொல்லுங்கள். சோற்றை இனி தகரத் தட்டில் போடுங்கள், எறிந்தாலும் உடையாது.

ரஞ்சிதம்

கேமரன் மலை
8.7.1979

அன்புள்ள ரஞ்சிதம்,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். மனுசன் ஆளே மாறிவிட்டார். அயர்ந்து தூங்குகிறார். கருப்பையாவிடம் அவரே போய்ப் பேசிவிட்டார். நேற்று பேக்டரியிலிருந்து வந்ததும், "தேயிலை இவ்வளவு மணக்குமா நீலா? இத்தனை வருசமா எனக்குத் தெரியலையே" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுனுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட மீ கோரெங் வாங்கித் தந்தார். கல்யாணமான புதுசில்கூட என்னோடு இப்படி உட்கார்ந்து பேசினதில்லை. மிட்டாய் தீர்ந்துவிட்டது.

அண்ணி

கிள்ளான்
19.11.1979

அண்ணி,

அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையே. கருமாதிக்கு வர எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். படையலில் ஒரு பாக்கெட் சிகரெட் வையுங்கள். அவர் ஆசைப்பட்டதைத் தடுத்த பாவி நான். இனி அது அவரை என்ன செய்துவிடும்?

ரஞ்சிதம்

கேமரன் மலை
2.12.1979

ரஞ்சிதம்,

கருமாதி முடிந்தது. கோழிக்கறி, ஸ்டவுட் பீர் எல்லாம் படைத்தோம். சிகரெட் வைக்கவில்லை. கருப்பையாதான் பாசத்தில் ஒன்றைப் பற்றவைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தார். எடுத்து அணைத்துவிட்டேன். "செத்தவன் ஆசையைக் கெடுக்கலாமா?" என்று ஆளாளுக்கு ஏசினார்கள். நீயும் ஏசு, கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சிகரெட்டை விடுவதற்கு அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன இடத்தில் மறுபடியும் முதலிலிருந்து அவரை அழவிட எனக்கு மனசு வரவில்லை.

பாவி என்று இன்னொரு தரம் எழுதாதே. அவர் என்னோடு சிரித்துப் பேசின அந்த நாளெல்லாம் நீ கொடுத்தது.

பிரிஞ்சாங் டவுனில் இஞ்சி மிட்டாய் வாங்கிப் படைத்தேன். எல்லாரும் போனபிறகு ஒன்றை எடுத்து நானும் வாயில் போட்டுக்கொண்டேன். உறைத்தது.

அண்ணி