வேனில் வந்த ஜெபக்குழு

அன்புள்ள பாஸ்டருக்கு,

வேறெப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறீர்கள்?

நேற்று மத்தியானம் நம் சபை ஜெபக்குழு ஒரு வேன் நிறைய இங்கே வந்து இறங்கியது. என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடப்பதாகவும், அதனால்தான் நான் பிறந்த வீட்டுக்கு வந்திருப்பதாகவும் ஆராதனையில் அறிவித்தீர்களாம்.

அம்மா அப்போது மாடியில் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, "யாரு வேணும்?" என்றாள். கீழே எல்லோரும் ஒரே குரலில், "ஸ்தோத்திரம்!" ஒருத்தி அழுதேவிட்டாள்.

நான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மாவும் விஷயம் புரிந்து, வாயே திறக்காமல் டீ போட்டாள். வரும் ஞாயிறு இந்த அற்புதத்தைச் சாட்சியாகச் சொல்லப்போகிறார்கள். அதற்கு ஆமென் சொல்வது உங்கள் பாடு.

கிளம்பும்போது செயலாளர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதான் அம்மா எழுந்துட்டாங்களே பாஸ்டரம்மா, நீங்க எப்போ வர்றீங்க?" என்றார். சிரித்து வைத்தேன்.

சபையில் ஒருவர் விடாமல் வீடு சந்திப்புக்குப் போகிறீர்கள். நான் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்த வீட்டுக்கு மட்டும் நேரம் கிடைத்ததில்லை. ஒருநாள் இங்கே வாருங்கள். வேன் வேண்டாம், ஜெபம்கூட வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி