நான் பாதி படித்த தாள்

என் அன்பு அத்தை,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பின்கட்டுக் குழாயை அப்பா மாற்றிவிட்டார். புதியது சொட்டாமல் மூடுகிறது. உனக்குப் பிடித்திருக்குமா, இல்லை இதையும் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்திருப்பாயா?

இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படிதான் எழுதுகிறேன். உன்னைக் கேலி செய்ததும் எல்லார் முன்னாலும்தானே?

வீட்டில் உனக்கு வைத்த பெயர் மடிசஞ்சி. குளித்துவிட்டு, தனியாக உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, யார் மேலும் படாமல் சமைப்பது மடி. ஸ்ரீரங்கத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஆனால் நீ கையைக் கழுவி, குழாயைக் கழுவி, குழாயைத் தொட்டதற்காக மறுபடி கையைக் கழுவுவாய். பதினோரு தடவை. நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து. வந்தவர்கள் உன் ஆசாரத்தை மெச்சினார்கள், நாங்கள் சிரித்தோம். வெடித்த விரலிடுக்கில் ஊறுகாய் பட்டு நீ முகம் சுளித்தபோது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

மாமா வீட்டுக் கல்யாணத்தில் நான் உன்னைப் போல நடித்துக் காட்டினேன், பதினொன்று வரை எண்ணி. மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய், கைகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகும் என்னிடம்தான் வந்தாய். நான் அப்போது எட்டாவது. பல் வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, தென்னூரில் ஒரு டாக்டரைத் தனியாகப் பார்த்து, இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த விவரத் தாளைப் பிரித்து என்னிடம் நீட்டினாய்.

"நீதான் இங்கிலீஷ் நன்னாப் படிப்பியே. என்ன போட்டிருக்குன்னு சொல்லு. இதைச் சாப்பிட்டதிலேர்ந்து ஏழு தடவையிலே நிறுத்த முடியறதுடி."

ஏழு. அது என் காதில் விழவே இல்லை. என் இங்கிலீஷைக் காட்டிக்கொள்ளும் அவசரம். பக்கவிளைவுகளை மட்டும் ஒவ்வொன்றாக, குரலை ஏற்றி வாசித்தேன். குமட்டல், நடுக்கம், தூக்கமின்மை. கடைசியில், "இது மூளைக்குக் குடுக்கற மருந்து அத்தை. மடிக்கெல்லாம் மாத்திரை கிடையாது" என்றேன்.

நீ தாளை வாங்கி நான்காக மடித்துப் பெட்டியில் வைத்தாய். அதிலிருந்து அடுத்த மாத்திரையை எடுக்கவே இல்லை. மறுபடி பதினொன்று. பிறகு பதினைந்து. அடுத்த வருஷம் மாரடைப்பில் நீ போகும்வரை குறையவில்லை. உன் பீரோவிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து என் அகராதிக்குப் பின்னால் ஒளித்துவைத்தது நான்தான்.

பத்தாவதில் எனக்கும் வந்தது அத்தை. எனக்குக் கழுவுவது இல்லை, படிப்பது. ஒரு வரியைச் சரியாகப் படிக்காவிட்டால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று தோன்றும். எது சரி? தெரியாது. மறுபடி படிப்பேன். அரையாண்டுத் தேர்வில் கேள்வித்தாளின் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. அப்புறம் புத்தகத்தையே தொடவில்லை. தலை பின்னிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அம்மா அழைத்துப்போன டாக்டரம்மா, ஓ.சி.டி., அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய், கூடவே மனச்சோர்வு என்றார். முதல் மாத்திரை வயிற்றைப் புரட்டியது, ஓரிடத்தில் உட்கார விடவில்லை. மாற்றினார். இரண்டாவதில் தொந்தரவு இல்லை, பயனும் இல்லை. மூன்று மாதம் காத்திருந்தும் வரி நகரவில்லை. மருந்து பொருந்தாமல் போனது எனக்குத் தண்டனை என்றுகூட நினைத்தேன்.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, ஏதாவது மருந்து சாப்பிட்டார்களா என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்டார். இல்லை என்றாள் அம்மா, அவளுக்குத் தெரியாது. தெரிந்த நான் தரையைப் பார்த்தேன். உன்னைச் சொன்னால் தாளையும் சொல்ல வேண்டுமே.

மூன்றாவது மருந்தை எழுத அவர் பேனாவைத் திறந்த அன்று, பையிலிருந்து உன் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஏழு தடவையையும்.

டாக்டரம்மா திட்டவில்லை. "பதினொண்ணு ஏழாச்சுன்னா உங்க அத்தைக்கு மருந்து கேட்க ஆரம்பிச்சிருக்கும்மா. குடும்பத்துல ஒருத்தருக்குக் கேட்டது உனக்கும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பார்ப்போம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பஸ் காவிரிப் பாலம் ஏறியது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அம்மா, "நாங்க எல்லாருந்தான்டி சிரிச்சோம்" என்றாள். அதனால் என் பங்கு குறைந்துவிடுமா அத்தை?

மூன்றாவதாக எழுதிய உன் மாத்திரைதான் எனக்குக் கேட்டது. பத்தாவது வாரத்தில் ஒருநாள், பக்கத்தைத் திருப்பிவிட்டு, திருப்பியதே தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன். மனநல ஆலோசகர் சொல்லித்தரும் பயிற்சியும் செய்கிறேன். சில வரிகள் இன்னும் இழுக்கின்றன. ஆனால் தலை பின்னிக்கொள்கிறேன், சிரிக்கிறேன். சிரிக்கும்போது உன் கை நினைவுக்கு வருகிறது.

போன வாரம் உன் தாளைப் பிரித்தேன். நீ மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. மறுபக்கத்தில் இருந்தது: டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்று நான் தாளைத் திருப்பவே இல்லை, அத்தை.

டாக்டரம்மா போதும் என்று சொல்லும்வரை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுவேன். யார் எந்தத் தாளை என்னிடம் நீட்டினாலும், முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்பேன். பிறகு இரண்டு பக்கமும் படித்துச் சொல்வேன்.

ஏழு என்று நீ சொன்னதை இப்போதுதான் கேட்ட,
உன் அண்ணா பெண்
கோதை