அடைப்புக்குறிக்குள் ஆயிரத்து இருநூறு

இன்று காலை பத்தரைக்குப் பார்சல் வந்தது. வருடா வருடம் வருகிற அதே பழுப்பு மட்டை, அதே நைலோன் கயிறு. பிரித்ததும் வழவழப்பான தாளில் மை முழுதும் காயாத வாசனை மேசையெங்கும் பரவியது. வங்கியின் ஆண்டறிக்கை, மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு பிரதி. சிங்களப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் நூலகப் பதிவேட்டில் ஏற்றி, வாசகர் எடுக்கும் தட்டில் வைத்தேன். தமிழ்ப் பிரதியைப் பதியாமலே எடுத்துக்கொண்டு ஜன்னலோரக் கதிரையில் போய் உட்கார்ந்தேன்.

பொருளடக்கம் பார்க்கத் தேவைப்படவில்லை. காசுப்பாய்ச்சல் கூற்று எந்த இடத்தில் வரும் என்று என் விரலுக்குத் தெரியும். அந்த வருடம் வங்கிக்குள் காசு எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்று சொல்லும் பக்கம் அது. மூன்று பகுதிகள். கடைசிப் பகுதிக்கு "நிதியிடல் நடவடிக்கைகள்" என்று பெயர். நீ இருந்திருந்தால், "மேல உள்ள கதையெல்லாம் பொறகு, மொதல்ல அந்தக் கடைசிப் பகுதியக் காட்டுடி" என்றிருப்பாய்.

உன் கை பட்ட பழைய அறிக்கை அலுமாரியில் இன்னும் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட அறிக்கைகளைக் கழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அதற்கான நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் மஞ்சள் ஏறிய உன் பெருவிரல் ரேகையும் இருப்பதால் அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்தோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நான் உயர்தரத்துக்குப் போனேன். அங்கிருந்து பேராதனை, தமிழ் சிறப்புப் பட்டம். நீ கலஹாவிலிருந்து புறப்பட்டுப் பாலைவன நாடொன்றில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக்குப் போனாய். பதினொரு வருடம். திரும்பி வந்து கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்கு இந்தப் பக்கம், ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக் கடை போட்டாய். உன் தங்கை கூட நின்றாள். சேர்த்த காசில் கடைக்குப் போக மிஞ்சிய பன்னிரண்டு இலட்சத்தை வங்கியின் தொகுதிக்கடனில் போட்டாய். வங்கி பொதுமக்களிடம் ஐந்து வருடத்துக்குக் கடன் வாங்கி, வட்டி கொடுத்து, தவணை முடிந்ததும் முதலைத் திருப்பித் தரும் பத்திரம் அது. கடை அறையின் சொந்தக்காரர் அறையை உனக்கே விற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். பத்திரம் முதிர்கிற வருடத்தில் அறை உன்னுடையதாகும். அந்தக் கணக்கை நீ எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் சுவரில் ஆணி அடிக்கும்போதுகூட, "நம்ம சுவராகப் போறது, பாத்து அடி" என்று தங்கையிடம் சொல்வாய்.

பிறகு நாடு திவாலாகி, வரிசைகளின் வருடம் வந்தது. எரிவாயுவுக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. நீ முற்றத்தில் விறகடுப்பு மூட்டிச் சமைத்தாய். வங்கிகள் விழப்போகின்றன என்று பஸ்ஸில் பேசினார்கள், தேவாலய வாசலிலும் பேசினார்கள். உனக்கு அரிசி போடும் மொத்தக்கடை முதலாளி ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, ஒங்க பத்திரத்த நான் எடுத்துக்கிறேன். நூத்துக்கு அறுவது. கையில காசு. வெள்ளிக்கெழம சொல்லுங்க."

"அறுவதா? என்னா முதலாளி, பத்திரம் என்ன பழுத்த தக்காளியா, பின்னேரம் வெல கொறைய?"

"சிரிக்காதீங்க. நாளைக்கு நாப்பதுக்கும் ஆள் இருக்காது. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரும் பயந்துபோய், தனக்குத் தெரிந்த ஒரே முறையில் பயத்தை விலைபேசினார். ஆனால் அவர் போன பிறகு நீ சிரிக்கவில்லை. அறுபதுக்கு விற்றால் கையில் ஏழு இலட்சத்து இருபதினாயிரம். அறை கிடைக்காது. விற்காமல் வைத்திருந்து வங்கி விழுந்தால் பதினொரு வருடமும் போச்சு. செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வந்து என் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றாய்.

"நீ படிச்சவ. அந்த பேங்க்கோட புஸ்தகம் இங்க வருமே. பாத்துச் சொல்லு, நிக்குமா விழுமா?"

அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. அதுவரை நான் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. ஆனால் தமிழில் அச்சான ஒன்று எனக்குப் புரியாமல் போகுமா என்ன? இரண்டு நாள் வாசித்தேன். அடைப்புக்குறிக்குள் போட்ட எண் வெளியே போன காசு என்று ஓரிடத்தில் படித்துக்கொண்டேன். ஒரு நிறுவனம் கடன் வாங்குவதும் அடைப்பதும் நிதியிடலில் வரும் என்று இன்னோரிடத்தில். மக்களுடைய வைப்புப் பணமும் வங்கி வாங்கிய கடன்தானே? அப்படியென்றால் அதுவும் அங்கேதான் இருக்க வேண்டும். தேடினேன். வைப்பு என்ற சொல்லே அந்தப் பகுதியில் இல்லை. மொத்த வரியில் பெரிய எண்ணொன்று அடைப்புக்குறிக்குள் கிடந்தது. மக்கள் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

வியாழக்கிழமை, உன் கடையில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மின்சாரம் இல்லை. வாசல் வெளிச்சத்தில் வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். நான் புத்தகத்தை விரித்து, "வித்துடு" என்றேன்.

மஞ்சள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அந்த அடைப்புக்குறியின் மேல் பெருவிரலை வைத்தாய்.

"ஐயோ, லைப்ரரி புஸ்தகம்டி!"

"இரு. இந்தக் காசு வெளிய போச்சுன்னு சொல்ற. சரி. யாருக்குப் போச்சு?"

இரண்டு நாள் அந்தப் பக்கத்தையே பார்த்திருந்தும் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

நீ மேலே உள்ள வரிகளை ஒவ்வொன்றாக என்னை வாசிக்கச் சொன்னாய். செலுத்திய பங்கிலாபம், அடைப்புக்குறி. கட்டடக் குத்தகைக்குச் செலுத்தியது, அடைப்புக்குறி. புதிதாக வழங்கிய தொகுதிக்கடனால் வந்தது, அடைப்புக்குறி இல்லை, சின்னத் தொகை. அடுத்த வரியில்தான் எல்லாவற்றிலும் பெரிய எண், அடைப்புக்குறிக்குள்: தொகுதிக்கடன் மீட்பு.

"மீட்புன்னா?"

"தவணை முடிஞ்சவங்களுக்கு முதலைத் திருப்பிக் குடுத்தது."

"என்ன மாதிரி ஆளுங்களுக்கா?"

"ஆமா."

"அடிப் பைத்தியமே, குடுத்திருக்கான்! குடுத்ததக் காட்டியா என்னப் பயமுறுத்துற?"

நான் விடவில்லை. வைப்புப் பணம் எங்கே என்று கேட்டேன். நீ சுவரில் தொங்கிய அட்டைகளைக் காட்டினாய். மாதத் தொடக்கத்தில் காசு கட்டிவிட்டுத் தினமும் வந்து சாப்பிடும் கடைப் பையன்மார், ஆசிரியர்கள், கந்தோர்க்காரர்களின் அட்டைகள்.

"இவங்க எனக்கு முன்கூட்டியே சல்லி தர்றாங்க. நான் இவங்களுக்குச் சோறு கடன்பட்டிருக்கேன். ஆனா இவங்க எனக்குக் கடன் குடுத்தவங்களா? இல்லடி, இவங்கதான் என் யாவாரமே. அடுப்புக் கட்ட எங்க மாமா குடுத்தாரே, அதுதான் கடன், அது வேற. பேங்குக்குச் சோறு சல்லிதானே. அதுல போடுறதும் எடுக்குறதும் அவனோட அன்னாட யாவாரம். மேல தேடு."

மேலே தேடினேன். முதற்பகுதியில், தொழிற்பாட்டு நடவடிக்கைகளின் கீழ், வாடிக்கையாளர் வைப்புகளின் மாற்றம் என்று தனி வரி இருந்தது. அடைப்புக்குறி இல்லை. அந்த வருடம் வைப்பு கூடியிருந்தது. அந்தப் பகுதியின் மொத்தம், கீழே கடன் அடைக்கப் போனதைவிடப் பெரியது. அதாவது வங்கி புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கவில்லை, வியாபாரத்தில் வந்த காசிலிருந்து அடைத்திருந்தது.

என் கண்முன்னால் அந்தப் பக்கம் வேறொன்றாகிவிட்டது. வெறும் எண்ணாய்க் கிடந்த இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பது போலிருந்தது. பென்சன்காரர், சீதனக்காசு சேர்த்தவர், வெளிநாட்டுச் சமையலறையிலிருந்து திரும்பியவர். ஒவ்வொருவரும் தங்கள் நாளில் போய்ச் சொன்னபடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் ஒரே வரியில் அடக்க இந்தப் பக்கத்தால் முடிந்தது. அந்த வரியைத் திறக்க உன்னால் முடிந்தது. இரண்டில் எது பெரிய அதிசயம் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.

"அப்ப விழாதா?" என்றேன்.

"விழலாம். எதுவும் விழலாம். இது போன வருசத்துக் கதை, வர்ற வருசத்துக்குச் சத்தியம் பண்ணல. ஆனா தெரியாமப் பயப்படுறதுக்கு நூத்துக்கு நாப்பது குடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். நீ அவருக்கு மீன் குழம்போடு ஒரு தட்டுச் சோறு வைத்து, "இதுக்கு நூத்துக்கு நூறு வாங்குவேன், பத்திரம் விக்கல" என்றாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் பார்சல் வந்த வாரத்தில் நீயும் வந்தாய். என் மேசைக்கு முன்னால் அமர்ந்து அந்தக் கடைசிப் பகுதியை, ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தாய். ஒரு தடவை மேலே சிறிய எழுத்தில் இருந்த "ரூபா ஆயிரங்களில்" என்ற குறிப்பைக் காட்டி, "அப்ப என் பன்னண்டு லட்சம் இதுல எவ்வளவு?" என்று கேட்டாய்.

"ஆயிரத்து இருநூறு."

"பதினொரு வருசம், ஆயிரத்து எரநூறு," என்று சொல்லிப் பார்த்தாய். வருத்தப்படுவாய் என்று நினைத்தேன். "பரவாயில்ல, சின்ன எடந்தான். நெருக்கிப் பிடிச்சு உக்காந்துக்கலாம்" என்று சிரித்தாய்.

ஐந்தே நாள் காய்ச்சல். டெங்கு என்று தெரிந்தபோது உன்னால் பேசக்கூட முடியவில்லை. பத்திரம் முதிர இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

அதை நீ பார்க்கவில்லை, ஆகவே சொல்கிறேன். போன வருடம் தவணை முடிந்தது. உன் தங்கையும் நானும் மரணச் சான்றிதழ், அடையாள அட்டை, நீ அவள் பெயரை நியமித்துக் கொடுத்த கடிதம் எல்லாம் கொண்டுபோனோம். மூன்று தடவை அலைந்தோம். நான்காம் தடவை பன்னிரண்டு இலட்சமும், ஒரு ரூபாவும் குறையாமல், அவள் கணக்கில் விழுந்திருந்தது. அறை இப்போது அவள் பெயரில். சுவரில் ஆணி அடிக்க இன்னும் பயப்படுகிறாள். "அக்கா பாத்து அடிக்கச் சொன்னா" என்கிறாள்.

இன்று வந்தது அந்த வருடத்துக்கான அறிக்கை.

ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைத் திருப்பினேன். நிதியிடல் நடவடிக்கைகள். பங்கிலாபம், குத்தகை, புது வழங்கல். அடுத்த வரி, தொகுதிக்கடன் மீட்பு. நீண்ட எண், அடைப்புக்குறிக்குள். அதன் மேல் பெருவிரலை வைத்தேன். என் கையில் மஞ்சள் இல்லை, தாளில் எதுவும் பதியவில்லை. என்றாலும் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் எந்த எண்ணைப் பார்த்தாலும், மின்கட்டணப் பட்டியலோ பத்திரிகைச் செய்தியோ, உன் குரலில்தான் கேட்கிறேன்: யாருக்குப் போச்சு? பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறவர்களிலும் மற்ற யாரையும் எனக்குத் தெரியாது. நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைத் தெரியும்.